முன்வாசல் தெரியாத கடை

நல்ல சாப்பாட்டுக் கடைக்குப் பெயர்ப்பலகை இருக்காது என்பது லிஃப்ட்காரரின் கட்சி. வாசலில் விளக்கு ஜொலித்தால் அடுப்பில் நெருப்பு மந்தமாக இருக்கும் என்பார். ஏதோ ஊரெல்லாம் உண்டு பார்த்துச் சொல்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய கட்டடங்களின் லிஃப்ட்டுகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். லிஃப்ட் ஏறி இறங்கும் குழி இருக்கிறதே, எந்த மாடியில் எவர் எதை வதக்கினாலும் வாசனை அங்கே வந்துதான் சேரும். அவர் லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து, அது ஓடும் தண்டவாளத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டே, இரண்டாவது மாடியில் இன்றைக்கு மீன், அதற்கு மேலே யாரோ எண்ணெயை மாற்றாமல் ஓட்டுகிறார்கள் என்றெல்லாம் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

அவருக்கு ஒதுக்கியிருந்த பேட்டையும் அப்படிப்பட்டது. எங்கெங்கோ இருந்து பிழைக்க வந்தவர்கள் அடுக்கடுக்காகக் குடியிருந்தார்கள். ஒரு படிக்கட்டு ஏறி இறங்குவதற்குள் நாலு பாஷையில் திட்டு வாங்கிவிடலாம். தையல்கடைக்குப் பின்னால், பெட்டி ரிப்பேர் கடைக்கு மேலே, யாரும் எதிர்பாராத இடத்திலெல்லாம் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள். தன் நாட்டுச் சாப்பாடு தன் ஆட்களுக்குத் தெரிந்தால் போதும் என்று நடத்துகிறவர்கள் பலகைக்கு ஏன் செலவு செய்யப் போகிறார்கள்?

அந்தக் கடைகளில் ஒன்றுதான் லிஃப்ட்காரரின் செல்லக் கடை. ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில் இருந்தது. அங்கே இருப்பது சரக்கு லிஃப்ட். அரிசி மூட்டையும் காய்கறிக் கூடையும் ஏற்றுவது. அதன் கதவு நேராகச் சமையலறைக்குள் திறக்கும். கதவின் பூட்டைச் சோதிக்க அவர் கூண்டின் மேல் நின்றால் சமையலறையின் தரை அவர் தலைக்குச் சரியாக வரும். ஆகவே அந்தக் கடையின் சமையல்கார அம்மாளை அவர் அறிந்ததெல்லாம் காலில் கிடந்த பச்சை ரப்பர் செருப்பாகத்தான். அந்த அம்மாள் அவரை அறிந்ததும் ஒரு தொப்பியாகவும் இரண்டு கைகளாகவும்தான். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. ஒருநாள் அந்தக் கைகளில் ஒரு தட்டு வந்து உட்கார்ந்தது. சுடச்சுடச் சோறு, புளிப்பாக ஒரு மீன் குழம்பு, எண்ணெயில் சுருண்ட கத்திரிக்காய். லிஃப்ட்டை நிறுத்தும் சுவிட்சைப் போட்டுவிட்டு, அரை இருட்டில், கூண்டின் மேல் சம்மணம் போட்டுச் சாப்பிட்டவர், வழித்த தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கும்பிட்டாராம். அந்தக் கும்பிடும் மேலே இருந்தவருக்கு வெறும் கையாகத்தான் தெரிந்திருக்கும்.

அதன்பின் அது பழக்கமாகிவிட்டது. வேலை முடிந்து அவர் கீழே இறங்கிக் காசை லிஃப்ட்டுக்குள் வைத்து மேலே அனுப்புவார். சற்று நேரத்தில் லிஃப்ட் தனியாக இறங்கி வரும். உள்ளே தரையில் வீட்டுக்கு ஒரு பொட்டலம் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். விலையோ சொன்னால் நம்பமாட்டீர்கள். இரண்டு பேர் பஸ்ஸில் போய்வருகிற காசில் இரண்டு பேர் வயிறு நிறையும்.

"நம்ம ஹோட்டல்" என்றுதான் வீட்டில் அந்தக் கடைக்குப் பெயர்.

வீட்டில் என்றால் அவரும் அவர் மனைவியும். மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். அவள் குடும்பத்தில் இரண்டே பெண்கள், இவள் சின்னவள். பெரியவளுக்கும் இவளுக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நின்றதும் ஒரு சாப்பாட்டு மேஜையில்தான். பெரியவளின் வீட்டுக்காரர், அதாவது லிஃப்ட்காரருக்குச் சகலை, அலுவலகங்களுக்கு மேஜை நாற்காலி சப்ளை செய்கிறவர். நல்ல மனிதர், வாய்தான் ஒரு சாண் அதிகம். கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஹோட்டலுக்கு இவர்களைக் கூட்டிப் போனார். சாப்பிட்டு முடித்ததும் பில் வந்தது. லிஃப்ட்காரர் கையை நீட்ட, சகலை அதற்குமேல் கையை வைத்து, "விடுங்க சகல, உங்களால முடியாது, நான் பாத்துக்கறேன்" என்றார். இவர் இழுக்க, அவர் இழுக்க, தண்ணீர்த் தம்ளர் சாய்ந்து பெரியவளின் மடியில் கொட்டியது. "எங்களால முடியாதுன்னு யாரு சொன்னா?" என்று சின்னவள் கேட்டாள். "உள்ளதைத்தானே சொன்னாரு" என்றாள் பெரியவள், நனைந்த எரிச்சலில். அந்த ஒரு சொல்லில் கூடப் பிறந்த பிறப்பே அறுந்துபோயிற்று.

ஆண்கள் கோபத்தை மறந்துவிட்டார்கள். எதிரெதிரே பார்த்தால் சிரித்துக்கொள்ளக்கூடச் செய்தார்கள். பெண்கள் இரண்டு பேரும்தான் மறக்கவில்லை. சின்னவள் சில நாள் போனில் அக்காவின் படத்தை எடுத்துப் பார்ப்பாள். கூப்பிட விரலைக் கொண்டுபோவாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போவாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்ப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் லிஃப்ட்காரருக்கு நெஞ்சு வலிக்கும். நான் ஏன் அந்தப் பில்லைப் பிடித்து இழுத்தேன் என்று தோன்றும்.

அப்படியிருக்க, ஒரு வெள்ளிக்கிழமை பெரியவளிடமிருந்து போனில் ஒரு வரி வந்தது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அந்தப் பக்கம் வருகிறோம், வெளியே எங்கேயாவது சேர்ந்து சாப்பிடலாமா என்று. சின்னவள் அதைப் படித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"வீட்டுக்கு வரேன்னு சொல்லல பாத்தீங்களா? எழுந்திரிச்சுப் போகணும்னா சுலபமா போகலாம்னு வெளியில கூப்பிடறா."

"வரேன்னாங்களே, அதைப் பாரும்மா."

"பெரிய ஹோட்டல் வேண்டாங்க. மறுபடி பில்லு, மறுபடி அந்தக் கூத்து. இந்தத் தடவையும் கெட்டுப்போச்சுன்னா எனக்கு அக்கான்னு ஒருத்தி இல்லைன்னு எழுதி வச்சுக்க வேண்டியதுதான்."

"அதுக்குத்தான் நம்ம ஹோட்டல் இருக்கே!" என்றார் லிஃப்ட்காரர், தொடையைத் தட்டிக்கொண்டு. "பில்லைப் பாத்தா யாருக்கும் சண்டை போடவே தோணாது. சாப்பாட்டைப் பாத்தா பேசவே தோணாது."

"நிச்சயமா?"

"அந்தக் கட்டடத்துல எனக்குத் தெரியாத ஒரு போல்ட் இருக்கா?"

நுணலும் தன் வாயால் கெடும்.

ஞாயிறு மதியம் பஸ் நிறுத்தத்தில் சந்தித்தார்கள். சகலை இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில், புது ஷூவில் வந்து இறங்கினார். பெரியவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், உடனே இருவரும் பஸ்ஸைப் பார்த்தார்கள்.

"ரொம்ப நேரமா நிக்கறாங்களான்னு கேளுங்க" என்றாள் பெரியவள், தன் புருஷனிடம்.

"இப்பத்தான் வந்தோம்னு சொல்லுங்க" என்றாள் சின்னவள், தன் புருஷனிடம்.

ஆண்கள் இரண்டு பேரும் தபால்காரர்கள் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் செய்தி சேர்த்தபடி நடந்தார்கள். லிஃப்ட்காரர் தெம்பாகத்தான் இருந்தார். இதோ இந்த முனை, இதோ இந்தச் சந்து என்று கூட்டிப் போனார். குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, காலி அட்டைப் பெட்டிகளைத் தாண்டி, ஓர் இரும்புக் கதவின் முன் நின்று, "இதுதான்!" என்றார்.

எல்லாரும் அந்தக் கதவைப் பார்த்தார்கள். அதில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சகலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"'சரக்கு மட்டும். ஆட்கள் ஏறக் கூடாது.' ஏன் சகல, எங்களை எந்தக் கணக்குல சேத்திருக்கீங்க? அரிசியா, உருளைக்கிழங்கா?"

"இது பின்பக்கம்..." என்றார் லிஃப்ட்காரர்.

"அப்ப முன்பக்கம் எங்க?"

லிஃப்ட்காரர் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். இத்தனை வருஷமாக இந்தக் கட்டடத்துக்குள் வருகிறார். அதன் இரும்புக் கயிறு எத்தனை தடிப்பு, எந்த மாடிக் கதவு எப்போது முரண்டு பிடிக்கும், எல்லாம் அத்துபடி. மனிதர்கள் உள்ளே போகிற வாசல் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியாது. தெரியாது என்பதே அவருக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது.

சின்னவள் அவரை ஓரமாக இழுத்தாள். "சாவி பையிலதானே இருக்கு? ஒரே ஒரு தடவை இதுலயே ஏத்திடுங்களேன். என் மானமே போகுது."

சாவி பையில்தான் இருந்தது. கை அதைத் தொடவும் செய்தது. மூட்டை தூக்குகிறவர்கள் சோம்பல்பட்டு இந்த லிஃப்ட்டில் ஏறியதற்காக அவர் போட்ட கூச்சல் கொஞ்சநஞ்சமல்ல. கூண்டுக்கு உள்பக்கம் கதவு கிடையாது. சேலைத் தலைப்பு ஒன்று சுவரில் சிக்கினால் போதும்.

"முடியாதும்மா" என்றார் பரிதாபமாக. "அந்த நோட்டீஸை ஒட்டினதே நான்தான்."

சரி, சுற்றிப் போய் முன்வாசலைத் தேடுவோம் என்று கிளம்பினார்கள். முன்பக்கத் தெருவுக்கு வந்தபோதுதான் விபரீதம் முழுதாகப் புரிந்தது. கட்டடங்கள் எல்லாம் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நின்றன. வரிசையாக வாசல்கள், வாசலுக்கு வாசல் படிக்கட்டு. எந்தப் படிக்கட்டு எந்த நாலாவது மாடிக்குப் போகிறதோ! பின்பக்கத்து இரும்புக் கதவு இந்தப் பக்கத்தில் எதற்கு நேராக வரும் என்று அவர் விரலை நீட்டிக் கணக்குப் போட்டார். கணக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வாசலில் போய் நின்றது.

முடிவெட்டும் கடைக்காரரிடம் கேட்டார்.

"கடை பேரு?" என்றார் அவர், கத்தரியை நிறுத்தாமல்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். கடையின் பெயரே தெரியாத பிள்ளை எதைக் கேட்டுப் பிழைப்பது? "மீன் குழம்பு நல்லா இருக்கும்" என்றார் லிஃப்ட்காரர். "பச்சைச் செருப்பு போட்ட ஒரு அம்மா சமைப்பாங்க."

முடிவெட்டுகிறவர் அவரை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாடிக்கையாளரின் தலைக்குத் திரும்பினார்.

ஒரு படிக்கட்டில் ஏறிப் பார்த்தார்கள். மேலே நடன வகுப்பு நடந்துகொண்டிருந்தது. இன்னொன்றில் ஏறினார்கள். அங்கே சவுரிமுடி விற்கிறவர் பெரியவளை உட்கார வைத்து அளவெடுக்கப் பார்த்தார். சகலையின் புது ஷூ கடிக்க ஆரம்பித்திருந்தது. சட்டையின் மடிப்பெல்லாம் வியர்வையில் கரைந்துபோயிற்று. தெருவுக்கு இறங்கியதும் அவர் முனையைக் கைகாட்டினார்.

"அதோ கண்ணாடிக் கதவு போட்டு ஒரு ஹோட்டல் இருக்கு பாருங்க. அங்கயே போயிடலாம் சகல. கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்."

நான் பாத்துக்கறேன். மனிதர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் தெருவில் விழுந்ததும் நாலு பேரும் நின்றுவிட்டார்கள். சின்னவளின் முகம் இறுகியது. பெரியவள் கைப்பையை இன்னும் அழுத்தமாக அணைத்துக்கொண்டாள். இன்னும் ஒரு வார்த்தை வந்தால் பஸ் நிறுத்தத்துக்கு அவரவர் தனித்தனியாகத் திரும்பிப் போவார்கள் என்று லிஃப்ட்காரருக்குத் தெரிந்தது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூரைமேல் ஏறியாவது அந்த வாசலைக் கண்டுபிடித்துவிட மாட்டோமா என்று இருந்தது.

அப்போது காற்று இந்தப் பக்கம் திரும்பியது.

"யாரோ பூண்டைச் சிவக்க விட்டுட்டாங்க" என்றாள் பெரியவள். யாரிடமும் சொல்லவில்லை, மூக்கு சொல்ல வைத்தது.

"பூண்டு இல்லக்கா, வெங்காயம்" என்றாள் சின்னவள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அக்கா என்ற வார்த்தை இரண்டு வருஷத்துக்குப் பிறகு தானாக வெளியே வந்து நடுத்தெருவில் நின்றது. பெரியவள் திரும்பிப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது, ஆனால் தோற்கிற ஜாதி இல்லை அவள்.

"பூண்டுடி."

"வெங்காயம்."

"உனக்கு எப்பவுமே வித்தியாசம் தெரியாது."

"யாருக்கு? எதிர்வீட்டுல முட்டை பொரிக்கறதை மீனுன்னு சொன்னது யாரு?"

புருஷன்மார்கள் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். இந்த விளையாட்டு அவர்களுக்கு எப்படித் தெரியும்? பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, தாங்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தில் ஒவ்வொரு வாசலாக நின்று உள்ளே என்ன சமையல் என்று சொல்ல வேண்டும். தோற்றவள் இருவரின் புத்தகப் பையையும் மிச்சப் படியெல்லாம் சுமக்க வேண்டும். எத்தனையோ வருஷம் சின்னவள்தான் சுமந்தாள்.

"பந்தயம்?" என்றாள் பெரியவள்.

"பந்தயம்" என்றாள் சின்னவள்.

இரண்டு பெண்களும் மூக்கை உயர்த்திக்கொண்டு நடந்தார்கள். முடிவெட்டும் கடைக்கும் பெட்டி ரிப்பேர் கடைக்கும் இடையில், ஒருவர் பக்கவாட்டில் நுழையும் அகலத்தில் ஓர் இடைவெளி. லிஃப்ட்காரர் அதை இரண்டு தடவை கடந்து போயிருந்தார். பெட்டி வைக்கிற இடம் என்று நினைத்திருந்தார். பெரியவள் அங்கே நின்று மோந்து பார்த்து, "இங்கடி" என்று உள்ளே நுழைந்தாள். முதல் மாடியில் தோல் வாடையும் பசை வாடையும் வந்தது. இரண்டாவதில் தலைச்சாயம். "போச்சு, வாசனையை விட்டுட்டோம்" என்றாள் சின்னவள். "வாடி பேசாம" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள் பெரியவள். பிடித்த கையை விட வேண்டிய அவசியம் மூன்றாவது மாடியில் வந்தது. படி அவ்வளவு குறுகல். விடவில்லை.

ஆண்கள் மூச்சு வாங்கியபடி, சகலை ஒரு ஷூவைக் கையில் பிடித்தபடி, நாலாவது மாடிக்கு வந்து சேர்ந்தபோது பெண்கள் ஏற்கெனவே ஒரு மேஜையில் உட்கார்ந்து தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். சின்னவளின் இரண்டு தோளிலும் இரண்டு கைப்பைகள் தொங்கின. பூண்டுதான் போலிருக்கிறது. தோற்றதற்கு இத்தனை சந்தோஷப்பட்ட ஒரு முகத்தை லிஃப்ட்காரர் பார்த்ததே இல்லை.

சின்ன அறை. மேஜைகளுக்குப் பிளாஸ்டிக் விரிப்பு. டாக்சி ஓட்டுகிறவர்கள், வேலை முடிந்த நர்ஸுகள், கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். ஆளுக்கு ஒரு பாஷை, தட்டில் எல்லாருக்கும் ஒரே குழம்பு. சமையலறையிலிருந்து ஒரு பருத்த அம்மாள் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். லிஃப்ட்காரர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். பச்சை ரப்பர் செருப்பு!

"நான்தாம்மா! லிஃப்ட்!" என்றார்.

அந்த அம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரோ பசி மயக்கத்தில் வந்திருக்கிறான் என்பது போலப் பார்த்தார். லிஃப்ட்காரர் சற்று யோசித்தார். பிறகு எல்லாருக்கும் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்து, தலையைக் குனிந்து, தட்டு வாங்குகிற மாதிரி இரண்டு கைகளையும் மேலே நீட்டினார்.

அம்மாள் போட்ட கூச்சலில் கைக்குழந்தை விழித்துக்கொண்டது. கரண்டியை எறிந்துவிட்டு ஓடிவந்து அந்தக் கைகளை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். கல்லாவில் இருந்த அவருடைய மருமகளுக்கு நாலு பாஷையும் வரும். "அத்தை கேக்கறாங்க, இத்தனை நாளா ஏன் பூனை மாதிரி பின்பக்கமாவே வந்தீங்கன்னு" என்று அவள் மொழிபெயர்த்தாள். கடையே சிரித்தது. சகலை எல்லாரையும்விட அதிகம் சிரித்தார்.

பிறகு சாப்பாடு வந்தது. அதைப்பற்றி என்ன சொல்ல? சகலை முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார். அவர் பேச்சு நின்றது என்றாலே சாப்பாட்டின் தரம் விளங்கியிருக்கும். மூன்றாவது தடவை குழம்பு வாங்கி ரொட்டியால் தட்டைத் துடைத்துக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"அன்னிக்கு அந்த ஹோட்டல்ல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது சகல."

"நானும் இழுத்திருக்கக் கூடாது."

"சாப்பாடாவது நல்லா இருந்துச்சா அங்க? அதுவும் இல்ல."

"வாயில வைக்க விளங்கல" என்று லிஃப்ட்காரர் ஒப்புக்கொண்டார். இத்தனை நாளும் அவர் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது அத்தோடு போயிற்று.

பெண்கள் இதையெல்லாம் கவனித்ததாகவே தெரியவில்லை. யாரோ பழைய பள்ளிக்கூடத்துத் தோழியின் கதையை எடுத்துக்கொண்டு, ஒருத்தி ஆரம்பித்த வாக்கியத்தை இன்னொருத்தி முடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் சாப்பிடும்போதும் இரண்டு பைகளையும் இறக்கி வைக்கவில்லை.

கை கழுவப் போவது போலச் சகலை எழுந்தார். அவர் கண் கல்லாப் பக்கம் போவதை லிஃப்ட்காரர் பார்த்துவிட்டார். இவரும் எழுந்தார். அவர் ஒற்றை ஷூவோடு இரண்டு எட்டு வேகமாக வைத்தார்; இவர் நாற்காலிகளுக்கு இடையில் குறுக்கே புகுந்தார். இருவரும் ஒரே சமயத்தில் கல்லாவில் போய் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இது என் இடம் சகல, நீங்க உக்காருங்க."

"மரியாதையா விடுங்க, இன்னிக்கு நான்தான்."

இருவர் கையும் பணத்தோடு நீண்டன. மருமகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எதுக்கு? இங்க உக்காரறதுக்கு முன்னாடியே காசு வாங்கிடுவோமே. நீங்க படியேறி வரதுக்குள்ள கட்டியாச்சு."

"யாரு கட்டினா?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"அதோ, ரெண்டு பை மாட்டிட்டு இருக்காங்களே, அவங்கதான் எடுத்துக் குடுத்தாங்க."

லிஃப்ட்காரருக்கு மார்பு விரிந்தது. சகலையைப் பார்த்து மீசையை நீவக்கூடக் கை எழுந்தது. அதற்குள் சகலைக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏம்மா, எந்தப் பையிலேர்ந்து எடுத்தாங்க?"

மருமகள் யோசித்தாள். "அதை யாரு பாத்தா?" என்றாள்.

இருவரும் மேஜைக்குத் திரும்பி வந்தார்கள்.

"காசு யாரோடது?" என்று சகலை பெரியவளைக் கேட்டார்.

"எந்தப் பையிலேர்ந்தும்மா?" என்று லிஃப்ட்காரர் சின்னவளைக் கேட்டார்.

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெரியவளுக்கு முதலில் உதடு துடித்தது, பிறகு சின்னவளுக்கு, பிறகு இரண்டு பேரும் மேஜைமேல் கவிழ்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சொல்லாதடி" என்றாள் பெரியவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"நான் ஏன்க்கா சொல்றேன்?" என்றாள் சின்னவள்.

படியிறங்கும்போதும் பைகள் அவள் தோளில்தான் இருந்தன. "போதும்டி, என் பையைக் குடு" என்று பெரியவள் கேட்டதற்கு, "பந்தயம்னா பந்தயம், உன் வீட்டு வாசல் வரைக்கும் நான்தான் தூக்கிட்டு வருவேன்" என்றாள் சின்னவள். பெரியவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. லிஃப்ட்காரரும் சகலையும் பின்னால் வெறுங்கையை வீசிக்கொண்டு இறங்கினார்கள்.